கொக்குகளின் பங்கு

வலையில் சிக்கும் பொடிமீன்களைக் குளக்கரை ஏறுமுன் கொக்குகளுக்கு வீசிவிடுவான் வெள்ளியங்கிரி. “அதுக எச்சம் உழுந்தாத்தான் பாசி வளரும் அம்மணி. பாசியிருந்தாத்தான் மீனு. பங்கு குடுக்கோணுமில்ல?” என்பான் மனைவி மயிலாத்தாளிடம். ஒருமுறை கெளுத்திமுள் குத்தி அவள் கை வீங்கியதிலிருந்து, கெளுத்தியை முள் ஒடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான்.

ஆடிக் காற்றில் ஒருநாள் அவன் பரிசல் மட்டும் கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவேயில்லை. எந்த மீன் அவனைத் தின்றதோ என்று, அவள் அந்தக் குளத்து மீனைத் தொடுவதில்லை.

“ஏனுங்கக்கா, கொக்குகளுக்கு இன்னும் யாருங்க மீன் போடறது?” என்று பக்கத்து வீட்டு ஹுமேரா கேட்டாள்.

மயிலாத்தாள் குளத்துக்குப் போனாள். கரையில் கட்டிக்கிடந்த பரிசலைச் சுற்றிக் கொக்குகள் பொடிமீன் தின்றுகொண்டிருந்தன. பரிசலுக்குள் ஒரு கெளுத்தி துடித்தது. தண்ணீரில் விட்டுவிடலாமென்று பிடித்தாள்.

குத்தவில்லை. மூன்று முள்ளும் ஒடிக்கப்பட்டிருந்தன.