நோயாளி வேஷம்

“உங்க பேர் என்ன ஐயா?”

கட்டிலில் படுத்திருந்த அண்ணனுக்குச் சுருக்கென்றது. கேட்டவள் சொந்தத் தம்பியின் மகள். நேற்றுவரை ‘பெரியப்பா, பெரியப்பா’ என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவள்.

நர்ஸ் வேலைக்கான உரிமப் பரீட்சை அது. செய்முறைத் தேர்வுக்கு நோயாளியாக நடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். வார்டு பாயாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஓர் அறையில் படுத்தார். ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தம்பி எதிர் அறையில். பரீட்சைக்கு வந்த எந்தப் பெண் எந்த அறைக்கு வருவாள் என்பது கூப்பிடும்போதுதான் தெரியும்.

அண்ணனுக்குக் கொடுத்த வேஷம் வயிற்றுவலி. இவளைப் பார்த்ததும் நிஜமாகவே வயிறு எரிந்தது.

எரியாதா? தம்பி எதைத் தொட்டாலும் துலங்கியது. அவனுக்கு மாடி வீடு, இவருக்கு ஒழுகுகிற வீடு. அவன் மகள் முதல் தடவையாகப் பரீட்சைக்கு வந்திருக்கிறாள். இவர் மகளோ இரண்டு தடவை தோற்றவள். இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் காலம் முழுக்க ஆயா வேலைதான்.

நோயாளியின் வாயால் பேரைச் சொல்ல வைத்து, பேர் எழுதிக் கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் மாத்திரை கொடுத்தால் அங்கேயே ஃபெயில். அண்ணனுக்கு அது தெரியும்.

“என் பேரு உனக்குத் தெரியாதாம்மா?” என்றார், குரலில் தேன் ஒழுக.

அவள் தயங்கினாள். மூலையில் உட்கார்ந்திருந்த தேர்வு மேடம் நிமிர்ந்து பார்த்தார். அண்ணனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“நீங்களே சொல்லணும் ஐயா. சொன்னாத்தான் மாத்திரை.”

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

இடைவேளை விட்டதும் வெளியே வந்தார். வராந்தா பெஞ்சில் தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

“நல்லா வளர்த்திருக்கடா பொண்ணை! பெரியப்பன் மூஞ்சியைப் பார்த்தே பேரு என்னங்குது!”

தம்பி சிரித்தான். “கேக்காம விட்டா ஃபெயிலாக்கிடுவாங்களேண்ணே.”

“அதுக்காக? ஐயாவாம், ஐயா! நான் என்ன ரோட்டுல போறவனா? சரி, நீ ஏன் இங்க உக்காந்திருக்க? உள்ள படுக்கலை?”

“முதுகு வலிண்ணே. வேற ஆளைப் போட்டுட்டாங்க.”

“படுத்துக்கிட்டே பாக்குற வேலை, அதுக்கும் முதுகு வலியா? மகளுக்காக யாரையோ பிடிக்க வெளிய வந்திருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?”

தம்பி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “டீ வாங்கிட்டு வரேன்” என்று எழுந்து போனான்.

எதிர் அறைக் கதவு திறந்தது. அண்ணன் மகள் ஓடி வந்தாள்.

“நல்லா செஞ்சிட்டேம்பா! ஒண்ணைக்கூட விடலை. மேடமே தலையாட்டுனாங்க! சித்தப்பா எங்க?”

“டீக்குப் போயிருக்கான். துரைக்கு முதுகு வலியாம்.”

“முதுகு வலியா? நான் உள்ள போனப்ப அவருதாம்பா படுத்திருந்தாரு. என்னைப் பார்த்ததும் எழுந்து உக்காந்துட்டாரு. ‘மேடம், இது என் பொண்ணு. இவ திணறினா என் வாய் சும்மா இருக்காது, சொல்லிக் குடுத்துடுவேன். மத்த பிள்ளைங்களுக்கு அது அநியாயம். வேற ஆளைப் போடுங்க’ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.”

பெஞ்சில் மடித்துக் கிடந்த பேப்பரை அண்ணன் கையில் எடுத்தார்.

“தங்கச்சி உங்க ரூமுக்குள்ள போறதைப் பார்த்தேம்பா,” என்றாள் மகள். “நீங்களும் எழுந்திரிச்சு வந்துட்டீங்கதானே?”