தலை இடிக்காத வீடு

"அங்க ஒரு கிழமைக்கு அவங்க கேக்கிற காசு இங்க ஆறு மாசத்துக்குப் போதும் மச்சான். இன்னும் என்னத்த யோசிக்கிற?" என்றார் பழைய கூட்டாளி ஷரிபுதீன்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அவரும் சாலிஹும் சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். சாலிஹின் நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தங்கை சுஹறாவின் வீட்டு வாசலில் இடித்துக்கொண்டது. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். லண்டனில் நாற்பத்தைந்து வருஷம் இருந்ததில் ஊர் வாசல்களுக்குக் குனிய வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

அங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி மௌத்தாகி, தனி ஆளாகிவிட்டார். மகன் முஹ்ஸின் நல்ல பிள்ளைதான். முதியோர் இல்லம் ஒன்றில் வாப்பாவுக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறான். சுடுதண்ணீர் உண்டு, டொக்டர் உண்டு, மணியை அடித்தால் நர்ஸ் ஓடி வருவாள். ஆனால் பென்ஷன் அதற்குக் கட்டாது. இருக்கிற வீட்டையும் விற்கவேண்டும். இங்கேயென்றால் அதே பென்ஷனில் வீடு, சமைக்க ஓர் ஆள், கூடமாட உதவிக்கு ஓர் ஆள், மிச்சத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் புரியாணி என்று ஷரிபுதீன் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். கணக்கு வாத்தியாராக இருந்தவர், விடமாட்டார். நாட்டு நிலைமை சரியில்லையே என்று முஹ்ஸின் பயப்படுவதைச் சொன்னபோதும், அந்தப் பயத்தோடுதானே நாங்கள் இத்தனை பேரும் இருக்கிறோம் என்று முடித்துவிட்டார்.

சாலிஹை அரித்தது வேறு. மனைவி போனபிறகு அந்தத் தெருவில் அவர் பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவரும் இல்லை. இங்கே மீன்காரன்கூட அண்ணன் முறை வைத்து 'சாலிஹ் காக்கா' என்கிறான். இங்கேயே இருந்து இங்கேயே மண்ணுக்குள் போகவேண்டும் போல் இருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை பிளேன். அதற்குள் ஒரு வீடு கிடைத்தால் தங்குவது, இல்லாவிட்டால் திரும்பிப் போய் அந்த இல்லத்துக்குக் கையெழுத்து வைப்பது என்று முடிவெடுத்திருந்தார்.

வீடுதான் கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்குக் கட்டுவது. மகள் பிறந்த அன்றைக்கே வாப்பாமார் கல்லுக்கும் ஓட்டுக்கும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்க வேண்டியதுதான். சாலிஹின் உம்மா வீடு சுஹறாவுக்குப் போய், சுஹறாவிடமிருந்து அவள் மகளுக்கும் போய்விட்டது. சுஹறாவே இப்போது பின்னறையில்தான் படுக்கிறாள். சாலிஹோ இருபத்தாறு வயதில், மாப்பிள்ளையாக எங்கும் போய்ச் சேருமுன்பே கொழும்பில் கப்பலேறியவர். அந்த வழியிலும் வீடில்லை.

"நம்மட ஊர்ல ஆம்பிளைக்கு ஏது மச்சான் வீடு? எல்லாம் பொண்டுகளுக்குத்தானே" என்ற ஷரிபுதீன், கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு வீடு இரிக்கி. எங்கட சொந்தக்காரப் புள்ள ஒண்டு. தனிய இரிக்கா. வா, பாப்பம்" என்றார்.

சாலிஹுக்கு அடையாளம் தெரியாதபடி மாறிப்போன ஒரு குறுக்குத் தெருவில் பழைய கல்வீடு. சாலிஹ் பழகிய பயத்தில் நெற்றியைப் பொத்திக்கொண்டு குனிந்தார். குனிந்திருக்கத் தேவையில்லை. தலைக்கு மேல் இன்னும் நாலு விரல் இடம் இருந்தது.

விறாந்தையில் காற்று அள்ளிக்கொண்டு போனது. வெள்ளை அடித்த ஒரு பெரிய அறை, கட்டிலில் துவைத்த விரிப்பு, ஆனால் ஆள் படுத்த அடையாளம் இல்லை. யாருடைய அறை என்று கேட்டார். சும்மாதான் கிடக்கிறது என்று ஷரிபுதீன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். யன்னலைத் திறந்தால் கடல் இரைச்சல் வந்தது. சாலிஹ் அந்த யன்னலோரம் நெடுநேரம் நின்றார். இங்கே ஒரு சாய்மனைக் கதிரை போட்டால் போதும், மகன் சொன்ன சுடுதண்ணீரும் வேண்டாம், மணியும் வேண்டாம் என்று பட்டது.

திரைச்சீலைக்கு அடியால் தேநீர்த் தட்டம் நகர்ந்து வந்தது. நெற்றியில் என்ன காயம் என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. இளங்குரல் இல்லை. சாலிஹ் சிரித்தபடி சுஹறாவின் வாசலைச் சொன்னார்.

"இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து எல்லா வீட்டுலயும் இடிபட்டுட்டன். உங்கட வாசல்ல மட்டும்தான் தப்பினன்" என்றார்.

சாலிஹ் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு ஷரிபுதீன் பக்கம் திரும்பி, வீடு தனக்குப் பிடித்துவிட்டது, கணக்கும் சரிவருகிறது, விலையைக் கேட்டுச் சொல் என்றார். கணக்கு வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டிருந்ததைச் சாலிஹ் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"மைமூனா, நீயே சொல்லு புள்ள" என்றார் கடைசியில்.

திரைச்சீலை அசைந்தது. அதற்குப் பின்னாலிருந்து குரல் நிதானமாக வந்தது.

"இதுக்கு விலை சொல்ல எனக்கு ஏலாது. நீங்க கப்பலேறக்குள்ள, நம்மட கலியாணத்துக்கெண்டு எங்கட வாப்பா கட்டிக்கொண்டிருந்த வீடு இது. உங்கட உயரத்துக்கு அளந்துதான் அந்த வாசல வெச்சவரு. பொறகு வந்து கேட்ட மாப்பிள்ளைமாரு ஒருத்தருக்கும் அதக் குறைக்க எனக்கு மனம் வரல்ல."