மூடி கொடுத்த உரிமை

"இப்ப ஆவியை விடலைன்னா நான் உருகிடுவேன்டா!" என்று குக்கர் மூடியின் ஓரத்தில் இருந்த சேஃப்டி வால்வு அலறியது. அது ஒருமுறை உருகினால் அப்புறம் குப்பைத்தொட்டிதான்.

உச்சியில் உட்கார்ந்திருந்த விசிலுக்கு உடம்பெல்லாம் உதறியது. உள்ளே பருப்பு கொதித்து, ஆவி முட்டிக்கொண்டிருந்தது.

"மூடியண்ணே, கத்திடவா?"

"என்னை ஏம்ப்பா கேட்கிறே? காலையிலேயே சொல்லிட்டேனே, எப்ப கத்துறதுங்கிறது இனிமே முழுக்க உன் முடிவுன்னு." இப்படிப் பேசுவதில் மூடிக்குத் தனி சுகம்.

"அப்போ கத்துறேன்."

"இரு, இரு. கூடத்துல பொண்ணு பார்க்க வந்தவங்க உட்கார்ந்திருக்காங்க. இப்பப் போய்க் கத்துவியா?"

"சரி, சத்தமில்லாம கொஞ்சமா ஆவி விடவா?"

"தாராளமா விடு. எவ்வளவுன்னு மட்டும் முதல்ல சொல்லு, நான் யோசிச்சு சொல்றேன்."

விசிலுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இதுக்கு நீங்க பழையபடி என்னைத் திட்டியே வேலை வாங்கலாம்ணே."

"பாத்தியா, மனசுல பட்டதைப் பளிச்சுன்னு சொல்றே! எல்லாம் நான் குடுத்த உரிமை" என்று மூடி பூரித்துப்போனது.

வால்வு மெழுகு மாதிரி இளகத் தொடங்கியது. "ஐயோ, உங்க உரிமையில என் உயிர் போகுதே!"

விசில் மெல்ல எழும்பியது.

"அவசரப்படாதே! நான் மூணு எண்ணுவேன். எண்ணி முடிச்சதும் உன் இஷ்டப்படி கத்து" என்றது மூடி. "ஒண்ணு..."

விசில் இரண்டு வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை.