சேர்ந்த தேதி

"ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம்மா? பேனாவை எடுத்து வெச்சு எவ்வளவு நேரமாச்சு!"

மேசைக்கு அந்தப் பக்கம் மனோகரன் உட்கார்ந்திருந்தார். வரலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"படிச்சுப் பாத்துட்டேன் சார். இதுல இன்னாத்துக்கு நான் சேந்த தேதி அடுத்த மாசம் ஒண்ணுன்னு போட்டுக்கீது?"

"கம்பெனி பேர் மாறுது. அதனால எல்லாருக்கும் புது ஆர்டர். வேலை அதேதான், சம்பளமும் அதேதான்."

"நான் பதினோரு வருசமா பேக்கிங்ல கீறேன் சார்."

"யாரு இல்லேன்னது?"

"இந்தப் பேப்பர்தான் சொல்லுது."

திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் மாத்திரை அட்டை அடுக்க அவள் வந்து சேர்ந்தபோது வயிற்றில் மகிழினி ஐந்து மாதம். இன்று அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு. அத்தனை வருஷமும் ஒரே கையெழுத்தில் அழிந்துபோகும். அவள் நேற்று வந்தவளாகிவிடுவாள். நேற்று வந்தவளை வீட்டுக்கு அனுப்ப யாரும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

"எல்லாரும் போட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

"அவங்க போட்டதைக் காட்டுங்க சார், பாக்கறேன்."

மனோகரன் மேசையைத் தட்டினார். "இந்த ராயபுரம் வாயெல்லாம் வெளிய வெச்சுக்க. இப்ப போடலேன்னா நாளையிலேர்ந்து கேட்டுக்குள்ள கால் வெக்காத!"

வரலட்சுமி உள்ளங்கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஒரு நொடி அந்தக் கை பேனாவின் பக்கம் போகவும் செய்தது. பிறகு முந்தானையையே இறுகப் பிடித்துக்கொண்டது.

"வாயால சொன்னா எப்படி சார்? வராதன்னு எழுதிக் குடுங்க. வேலை கண்டிஷனை மாத்தறதுன்னா இருபத்தோரு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். குடுத்தீங்களா? பழைய தேதியைப் போட்டுக் கொண்டாங்க, நின்ன எடத்துலயே கையெழுத்துப் போடறேன்."

மனோகரன் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

வரலட்சுமி காத்திருந்தாள். பிறகு பொறுமை போய், நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தாள்.

"இன்னா மாமா, கம்முனு கீற? மேனேஜரு அடுத்தது இன்னா கேப்பான், சொல்லு. நாளைக்குப் பத்து மணிக்கு அவன் ரூமுக்கு வரச் சொல்லிக்கிறானே!"

அவள் புருஷன் மனோகரன் தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தெரியாது லட்சுமி. போன வருசம் எங்க கம்பெனில என்னாண்ட அத்தோட நிறுத்திட்டாங்க. கேட்டுக்குள்ள கால் வெக்காதன்னதுமே, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."