சனிக்கிழமைப் பாறை

“வேலை வெட்டி இல்லாத கூட்டம்! பாறையைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு எப்படி உட்கார்ந்திருக்காங்க பாரு,” என்றான் ட்ரெவிஸ், காரை நிறுத்திக்கொண்டே.

அவன் மனைவி லெனோரா பார்த்தாள். செங்குத்தான செம்பாறைக்கு எதிரே பழைய வேன்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் கதவுகளும் பாறையை நோக்கித் திறந்திருந்தன. வாசலில் ஆட்கள், கைகளில் காபிக் குவளைகள். ஒருவர் வாயிலும் பேச்சில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

நேற்று முழுவதும் பெய்த மழை ஓய்ந்து, வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. பாறை ஏறுவதற்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. ஆயினும் பாறையில் ஒருவரும் இல்லை.

“எனக்கு என்னவோ போல இருக்கு,” என்றாள்.

“சால்ட் லேக் சிட்டிலேர்ந்து விடிய விடிய ஓட்டிட்டு வந்திருக்கேன். திங்கக்கிழமை ஆபீஸ். என்னவோ போல இருக்கறதுக்கெல்லாம் நமக்கு நேரமில்ல.”

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் நடக்க, அத்தனை முகங்களும் ஒன்றாகத் திரும்பின.

“எந்த வழியா ஏறப் போறீங்க?” என்று ஒரு வேனிலிருந்து நடுவயதுப் பெண் கேட்டாள்.

“நடு வெடிப்பு,” என்றான் ட்ரெவிஸ்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

கடைசி வேனிலிருந்து வெண்தாடிக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். தம் பெயர் ஆர்வில் என்றார். குனிந்து, பாறையடியில் மணலைத் தோண்டி ஒரு பிடி எடுத்துக் காட்டினார். உள்மணல் கறுத்து, ஈரமாக இருந்தது.

“மேலதான் தம்பி காய்ஞ்சிருக்கு. குடிச்ச தண்ணி அப்படியே உள்ள நிக்குது. இது மணற்பாறை. ஈரத்துல பிஸ்கட் மாதிரி உதிரும். ரெண்டு நாள் பொறுங்க.”

“நான் தொட்டுப் பார்த்துட்டேன் பெரியவரே, சருகாட்டம் காய்ஞ்சிருக்கு. பொறுக்கறதுக்கு நாங்க என்ன, உங்களை மாதிரி வேன்லயா குடித்தனம் பண்றோம்?”

“அதுக்குத்தான் குடித்தனம் பண்றதே,” என்றார் ஆர்வில். “எனக்கும் வீடு இருந்துச்சு. வீட்டுக்கு வாடகை, வாடகைக்கு வேலை. எனக்குன்னு மிஞ்சினது சனிக்கிழமை ஒண்ணுதான். சனிக்கிழமை மட்டும் இருக்கறவனால ஈரப் பாறையைப் பார்த்துட்டுச் சும்மா திரும்ப முடியாது தம்பி. பொறுக்க நாள் வேணும்னுதான் வீட்டை விட்டேன்.”

ட்ரெவிஸ் சிரித்தான். “சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு அழகா யாரும் காரணம் சொல்லி நான் கேட்டதில்ல!”

ஆர்வில் கையிலிருந்த ஈர மணலை உதறினார். திரும்பி நடந்தார்.

ட்ரெவிஸ் பாறையின் நடு வெடிப்புக்குள் கைகளைச் செருகி ஏறத் தொடங்கினான். லெனோரா கீழே நின்று கயிற்றை விட்டுக்கொண்டிருந்தாள். ஏற ஏற, அவன் வெடிப்புக்குள் உலோகக் கொக்கிகளைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டினான். தவறி விழுந்தால் அவனைத் தாங்க வேண்டியவை அவைதாம்; அவற்றைத் தாங்க வேண்டியது பாறை.

பின்னால் ஏதோ ஓசை கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஆர்வில் தம் வேனைக் காலி செய்துகொண்டிருந்தார். அடுப்பு, வாணலி, பீன்ஸ் டின்கள், புத்தகங்கள், துணிப்பை. இறந்தவரின் உடைமைகளை வெளியே எடுத்து வைப்பவரைப் போல, ஒவ்வொன்றாக, ஓசையடங்க, மணலில் அடுக்கினார். மற்ற வேன்காரர்களும் வந்து கைகொடுத்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சற்றுமுன் கண்களை மூடிக்கொண்ட அந்தப் பெண், தன் படுக்கை விரிப்பைக் கிழித்து நீளநீளப் பட்டைகளாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

லெனோராவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பாறையில் விட்டுப்போன சாமான் கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்பது இங்கெல்லாம் வழக்கம்.

“ட்ரெவிஸ்! இவங்க வேனைக் காலி பண்றாங்க. நம்ம சாமானை ஏத்திக்கிட்டுப் போகத்தான்னு தோணுது.”

“நான் விழுந்தாத்தானே எடுப்பாங்க?” மேலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “கழுகுக் கூட்டம்! கண்டுக்காத. கயிறு விடு!”

அவன் இன்னும் மேலே போனான். அவள் மணிக்கட்டில் செம்மணல் பொடியாக விழுந்தது. கையை உதறினாள். மணல் உதிரவில்லை. குளிர்ந்து, ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆர்வில் காலியான வேனின் தரையில் தம் மெத்தையை விரித்தார். அதைச் சாண் போட்டு அளந்தார். பிறகு அவளருகே வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் என்ன உயரம்மா?”

லெனோரா ஓரடி பின்வாங்கினாள். “எதுக்குக் கேக்கறீங்க? எங்க சாமான்தானே வேணும்? எல்லாத்தையும் எடுத்துக்கங்க. ஏன் இப்படிப் பயமுறுத்தறீங்க?”

“உங்க சாமான் எனக்கு எதுக்கும்மா? இந்த மணல் பாதையில ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்து சேராது. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். உங்க கார்ல ஆளைப் படுக்க வெக்க முடியாது. முதுகு அசையாமக் கட்டிக் கொண்டு போகணும்னா, இங்க இருக்கறதுல என் வீடுதான் நீளம். அதான் காலி பண்ணினேன்.”

லெனோரா கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு அண்ணாந்தாள்.

“இறங்கு, ட்ரெவிஸ்! இறங்கு!”