பெட்டியில் தீர்ந்துபோன சாமான்கள்

“மாமா, இது என்ன? முட்டை அடிக்கிறதா?”

எதிர்வீட்டு மருமகள் கையில், மாமனாரின் பெட்டியிலிருந்து எடுத்த துருப்பிடித்த இரும்புச் சாமான் ஒன்று.

கட்டிலில் இருந்த மாமனார் முறைத்தார். டிரில் மெஷினின் மூக்கில் மாட்டி அறுக்க, தேய்க்க, இழைக்க என்று யாருக்குமே பேர் தெரியாத பழைய கருவிகளைத் தேடிப் பிடித்து உயிர் கொடுத்த மனுஷன். பக்கவாதம் வந்து வாய் குழறியதிலிருந்து, யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பேச்சையே நிறுத்திவிட்டார். ‘பேசாமலே இருந்தா இருக்கிற பேச்சும் போயிடும்’ என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

“சொல்ல மாட்டீங்களா? அப்ப பழைய இரும்புக் கடைக்குத்தான்.”

“ர... ரம்... பம்!”

“ரம்பமா? மோட்டாரே இல்ல. யார்கிட்ட கதை விடறீங்க?”

“மோட்... டார் டிரில்லுல இருக்கு! டிரில் சுத்... தும். இது மேல கீழ போ... கும்!”

அவர் போட்ட சத்தத்தில், வருஷக்கணக்காக நின்றுகிடந்த எங்கள் வீட்டுக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

அவளோ அதை டிரில்லில் தலைகீழாக மாட்டினாள். அவ்வளவுதான். நல்ல கையால் வெடுக்கென்று பிடுங்கினார்.

“எண்... ணெய்! எண்ணெய் எங்க? கெட்டியா பிடி! அப்படி இல்ல, முட்... டாளே!”

“யாரு முட்டாள்? துருவைத் தேச்சு ஓட்டிக் காட்டுங்க, ஒத்துக்கறேன்.”

தினமும் ஒரு சாமானோடு இதே கூத்து.

“நோயாளியை இப்படியா படுத்துவா? எல்லாத்தையும் எடைக்குப் போடப் பாக்குறா” என்று பொருமினாள் என் மனைவி. “போய்க் கேளுங்களேன். புளுகுறதுக்கு மட்டும்தானா உங்க வாய்?”

மறுநாள் அந்த மருமகள் துணிப்பையோடு பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்தாள். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பின்னாலேயே போனேன்.

பை காலியாக இருந்தது.

“அண்ணே, மாமா பெட்டியில இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு. டிரில்லுல மாட்டுற பழைய சாமான் எதாவது வந்திருந்தா குடுங்க. பேரை என்கிட்ட சொல்லிடாதீங்க, அவர்தான் சொல்லணும். கொஞ்சம் நீளமான பேரா பாத்து எடுங்கண்ணே, சின்னப் பேரெல்லாம் இப்ப ஒரே மூச்சுல சொல்லிடறார்!”