முகம் பொருந்தவில்லை

புருஷனின் கருமாதி முடிந்து அன்றுதான் அமராவதி வேலைக்குக் கிளம்பினாள். மேஸ்திரி கொடுத்த புது செல்போன் காலையில் ஒரே ஒரு தடவை முகம் கேட்கும். காட்டினால்தான் தெருப் பெருக்குகிறவளுக்கு அன்றைய வருகை பதிவாகும். வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்து அலைந்து காட்டினாள். முந்தானையால் திரையைத் துடைத்தும் பார்த்தாள். ‘முகம் பொருந்தவில்லை’ என்றே அது அடம்பிடித்தது. போன மாதம் அதில் பதிந்த முகத்தில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. சட்டென்று சாமி மாடத்தில் விரலை விட்டுத் தொட்டு நெற்றியில் வைத்துக் காட்டினாள். ஏற்றுக்கொண்டது.

பின்னால் மாமியார் நின்றிருந்தாள். “அதான் பதிஞ்சிடுச்சே, அழிச்சிடுடி.”

முந்தானை நெற்றிவரை போய் நின்றது.

“சாயங்காலமும் காட்டணும் அத்தை” என்றபடி அமராவதி செருப்பை மாட்டினாள்.